ஊர், பேர்

லெம்பி கிவிஸ்தோவின் மேசைமேல்
ஒரு மிட்டாய் டப்பா. மிட்டாய் இருந்து நான் பார்த்ததில்லை.
அட்டைகள், அகரவரிசையில்.
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்,
எங்கே அழுத்துவது, எந்த எழுத்தை விழுங்குவது.

எனக்கு ஒலிப்பதிவு அறையில் இரவுப் பணி.
டுலூத்தின் குளிர் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.
கோட்டைக் கழற்றாமலே நாடாவை வெட்டுவாள்,
சவர பிளேடால், சாய்வாக.
மேயரின் இருமல் தரையில் சுருண்டு கிடக்கும்.
வாக்கியம் மட்டும் ஒலிபரப்பாகும்.

"ஒரு ஊரின் பெயரை
எல்லோரும் சரியாகச் சொல்லப் பழகிவிட்டார்களா,
அங்கே ஏதோ நடந்துவிட்டது" என்பாள்.
டப்பாவில் நிலம் நடுங்கிய ஊர்கள்,
சுரங்கம் சரிந்த ஊர்கள்.
ஒரு வாரம் உலகத்தின் வாயில் இருந்துவிட்டு
மறுபடி ஊர் பேர் தெரியாமல் போனவை.

அவள் பெயருக்கு அட்டை இல்லை.
சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லிவிட்டார்:
கிவிஸ்தோ வாயில் நுழையாது,
சோப்புக் கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்காது.
பதினோரு வருடம் காற்றில் அவள் லிண்டா கே.

துறைமுகத்துக்குப் போனால்
தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று
ரிசீவரின் வாய்மூடியைத் திருகிக் கழற்றி
இரண்டு முதலைக் கிளிப்புகளைக் கடிக்கவிட்டு
பதிவை அனுப்புவாள்.
இந்த முனையில் ஹெட்போனோடு நான்.
குரலுக்கு முன்னால் காற்று வரும்.
அதற்கும் முன்னால்
நாணயம் உள்ளே விழும் சத்தம்.

அந்த நவம்பரில்
ஆர்வில் டென்னட் என்கிற தாதுக் கப்பல்
சுப்பீரியர் ஏரியில் இரண்டாக முறிந்தது.
இரவு ஒன்பது நாற்பதுக்குப் பட்டியல் வந்தது.
பதினான்கு பேர்.
குடும்பங்களுக்குத் தகவல் சொல்லியாயிற்று என்று
அடியில் தட்டச்சு செய்திருந்தது.

கடைசிப் பெயர் இடறியது.
ஐந்து எழுத்து.
உயிர் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் மெய்.

டைரக்டரியில் அந்தப் பெயருக்கு ஒரே வீடு.
எண்ணைச் சுழற்றியது நான்.
எடுத்தது ஒரு பெண். அவள் பின்னால்
எங்கள் நிலையத்தின் நடன இசைதான் ஓடிக்கொண்டிருந்தது.
உங்கள் குடும்பப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று
லெம்பி கேட்டாள்.
"ஸ்கோன்ட்ஸ்."
சரியாகக் கேட்டிருக்காதோ என்று
இன்னொரு முறை, மெதுவாக,
பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவள் போல.
பிறகு,
"எதற்குக் கேட்கிறீர்கள்?"

மீட்டரில் ஊசி விழுந்து கிடந்தது.
ஒன்பது ஐம்பத்திரண்டு.

லெம்பி என்ன சொன்னாள் என்று எழுத மாட்டேன்.
அது ஒலிபரப்பானதில்லை.

பத்து மணிக்குப் பதின்மூன்று பெயர்களை வாசித்தாள்.
எதிர் நிலையத்தில் பதினான்கு வந்துவிட்டதே என்று
மேலாளர் வீட்டிலிருந்து கத்தினார்.
பதினோரு மணிக்குப் பதினான்காவதைச் சொன்னாள்,
அந்த அம்மாள் சொன்ன மாதிரியே.
முடிக்கும்போது லிண்டா கே வரவில்லை.
"செய்திகள், லெம்பி கிவிஸ்தோ" என்றாள்.
சோப்புக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் இருபத்திரண்டு வருடம்.
தேர்தல்கள், இரண்டு வேலைநிறுத்தங்கள்,
வின்னிபெக் சாலையில் பனியில் புதைந்த பேருந்தில்
ஒரு முழு இரவும், யாரோ கொடுத்த ஊறுகாய் மீனும்.
தயாரிப்பாளர் ஆனாள். செய்தியாளர்களைத் திட்டினாள்:
"அழுதார் என்று சொல்லாதே, அவர் அழட்டும், நீ சும்மா இரு."
ஆனால் பெயர் கேட்க எந்த வீட்டுக்கும் போன் செய்யவில்லை.
முடிதிருத்துகிறவரைக் கேட்டாள்,
தொழிற்சங்க அலுவலகத்தை, பாதிரியாரின் சமையல்காரியை.

விடைபெறும் நாளில் கேக் வந்தது.
கிரீமில் அவள் பெயர், ஒரு எழுத்து குறைவாக.
பிழை இருந்த துண்டையே வெட்டி எடுத்துத் தின்றாள்.

டப்பாவை விட்டுவிட்டுப் போனாள்.
ஒரே ஒரு அட்டையை நான் எடுத்துக்கொண்டேன்.
'ஸ்கோன்ட்ஸ். ஒரே அசை.
அம்மா இரண்டு முறை சொன்னார்.'

மற்ற எந்த அட்டையிலும்
யார் சொன்னார்கள் என்று எழுதியிருக்கவில்லை.